திருத்தணி இறக்கமும் பாவாவின் பிரேக்கும்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி முதலில் கையில் எடுத்தது சிரிஞ்சு. விரல் தடிமனில் இரண்டு, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய்.

"யாருக்கும்மா சுகர்?" என்றார் பரிவோடு.

"யாருக்கும் இல்லைங்க. சைக்கிளுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைப் பற்றி, எனக்குப் பின்னால் நின்ற நீண்ட வரிசைக்கும் கேட்கும்படி விளக்கினேன். பிரேக்கைப் பிடித்தால் கம்பி இழுக்காது, குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் தள்ளும். தள்ளினால் இரண்டு பக்கமும் உள்ள கட்டைகள் வந்து சக்கரத்தோடு சுற்றும் எஃகுத் தட்டைக் கவ்வும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் இந்தச் சிரிஞ்சால் எண்ணெயை ஏற்றிக் காற்றை வெளியே தள்ள வேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார்: "இந்தம்மா சைக்கிளுக்கு ஊசி போடப் போறாங்களாம். விட்டுடு."

நான் ஈப்போக்காரி. பிறந்தது, படித்தது, சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கொண்டது எல்லாம் மலேசியாவில். அம்மா மட்டும் திருத்தணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தால் மலைக்குப் பால்குடம் எடுப்பதாக ஒரு வேண்டுதல். வேண்டிக்கொண்டது அவள், எடுக்க வேண்டியது நான். இதுதான் பயணத்தின் காரணம். பெட்டிக்குள் இருந்த பிரேக்குகள் அம்மாவின் அண்ணன் மகன் கோதண்டத்துக்கு.

கோதண்டம் விவசாயி. வேர்க்கடலை, கொஞ்சம் கரும்பு, பத்துப் பதினைந்து மாமரம். உடம்பு பெருத்துவிட்டது என்று மருத்துவர் எச்சரிக்கப்போய், அரக்கோணத்தில் வேலை பார்க்கும் மகள் அவருக்கு ஒரு மலைச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து அவருக்கு வாட்ஸப்பில் வேறு பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அரக்கோணத்திலிருந்து ஓர் இளைஞர் கூட்டம் ஒட்டிய உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து திருத்தணி மலைச் சாலையில் சைக்கிளில் ஏறும். இவர் லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு, அவர்களுக்கு முன்னால் உச்சிக்குப் போய் உட்கார்ந்திருப்பார். சிக்கல் திரும்பி வருவதில்தான்.

"நான் ஏறிடறேன் மாலதி, எறங்கத்தான் முடியல" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். பழைய கம்பி பிரேக் இறக்கத்தில் நிற்காது. ஆகவே சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்குவார். பின்னால் வரும் பையன்கள் காற்றாய்க் கடந்துபோகும்போது, "அங்கிள், வரட்டா?" என்று கையசைத்துவிட்டுப் போவார்களாம். அந்த 'வரட்டா'தான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் நடக்காமல் ஓட்டியே இறங்கிப் பார்த்திருக்கிறார். நேரே போய் நின்றது மொட்டையடிக்கும் இடத்தில், சந்தனம் கரைத்து வைத்திருந்த அண்டாவுக்குள். முடி கொடுக்காமலே தலையெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒரே பக்தர் அவர்தான். அன்றே அவர் மனைவி ரேவதி சைக்கிளை மாட்டுக்கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளிநாட்டிலிருந்து அக்கா வந்து, நல்ல பிரேக்காகப் பார்த்து மாட்டி, நிற்கிறது என்று அவள் வாயால் சொன்னால்தான் பூட்டைத் திறப்பேன் என்றுவிட்டாள்.

அந்த அக்கா நான்தான். எடுத்துப்போனது இரண்டு ஜோடி. எது சரிப்படும் என்பதை ஆளையும் மலையையும் பார்த்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

சென்னையிலிருந்து உள்ளூர் ரயில். எங்கள் ஊர் ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இங்கே என் அட்டைப்பெட்டியை நான்கு பேர் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எதிரில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர். திருவள்ளூர் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாம்மா கீது இதுல?"

"பிரேக்குங்க. எண்ணெயிலே வேலை செய்யும்."

"எண்ணெயா?" என்று முகத்தைச் சுளித்தார். "இம்மாம் பெரிய ரயிலையே காத்துல நிக்க வைக்கிறோம். உன் சைக்கிளுக்கு எண்ணெ கேக்குதா?"

காற்றா எண்ணெயா என்று ரயில் பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சுண்டல் விற்றவர் கூட ஐந்து நிமிடம் நின்று காற்றுக் கட்சியில் சேர்ந்துவிட்டுப் போனார். அந்த மும்முரத்தில் ஒரு குரல், "ஏய், எறங்கு எறங்கு, ஸ்டேசன் வந்துடுச்சி" என்று அலறியது. பெட்டியை அணைத்துக்கொண்டு குதித்தேன். அலறியவர் எழுப்பியது ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த தன் மைத்துனனை என்பது ரயில் நகர்ந்த பிறகு புரிந்தது. பலகையில் மணவூர் என்று எழுதியிருந்தது. நானும் அந்த மைத்துனரும் நான்கு ஆடுகளும் மட்டும் நடைமேடையில் நின்றோம்.

கோதண்டத்துக்குப் போன் போட்டேன். "தப்பா எறங்கிட்டேன். மோட்டார்லே வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"மோட்டாரா? அது கெணத்துல கீதுமா."

எங்கள் ஊரில் மோட்டார் என்றால் இரண்டு சக்கரம். இங்கே மோட்டார் என்றால் தண்ணீர் இறைப்பது. பிரித்துச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ரயிலே வந்துவிட்டது.

திருத்தணி நிலையத்தில் அவரைப் பார்த்ததும், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, "சௌக்கியமா அத்தான்?" என்றேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோதண்டத்தின் கறுத்த முகம் காது வரை சிவந்தது.

"அத்தான் கித்தான்லாம் வாணாம்மா, சினிமா மாதிரி கீது. பாவான்னு கூப்டு. இங்க எல்லாம் அப்படித்தான்."

பாவா என்றால் தெலுங்கில் அதே முறைதான். ஆனால் அந்தச் சொல்லில் யாரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

வீட்டு வாசலில் ரேவதி ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஒல்லியான உருவம், கணீரென்ற குரல். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. எனக்கு ஒரு சுற்று சுற்றியவள், பிரேக் பெட்டிக்கு மூன்று சுற்று சுற்றினாள்.

"பசியாறியாச்சா?" என்று நான் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் காலை உணவைப் பசியாறுவது என்போம். "பசி ஆறிடுச்சான்னா, ஆறல அக்கா, உங்களுக்காகத்தான் உக்காந்துகினு கீறோம்" என்றாள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைத் துவையல். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று பாவா செய்து காட்டினார். நான் மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டது. ரேவதி உடனே தன் அம்மாவுக்குப் போன் செய்து தெலுங்கில் நீளமாக ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்ன சொல்கிறாள் என்று பாவாவைக் கேட்டேன்.

"நீ நல்லபடியா வந்து சேந்தன்னு சொல்றா."

அத்தனை நீளத் தெலுங்குக்குத் தமிழ் இவ்வளவுதானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாள் விடிகாலையில் பால்குடம் எடுத்து முடித்தேன். அபிஷேகத்துக்குப் பால் உள்ளே போன அந்தக் கணத்தில் அம்மாவின் முழங்காலை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள் ஒரு குரங்கு என் தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு கூரையேறிவிட்டது. வேண்டுதல் நிறைவேறியதற்கு அடையாளம் என்றாள் ரேவதி. குரங்கும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

சாமி காரியம் முடிந்ததால் பிரேக் காரியத்தில் இறங்கினேன். ரேவதி அன்று ஒரு நாளைக்கு மட்டும் பூட்டைத் திறந்து விட்டிருந்தாள், ஏறுவதற்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. நாங்கள் ஆட்டோவில் மேலே வந்தோம், பாவா சைக்கிளில். அவர் ஏறுவதைப் பார்க்க வேண்டும். அவசரமே இல்லை. வேர்க்கடலைக்குக் களை எடுப்பவர் மாதிரி ஒரே சீராக, தலையைக் குனிந்தபடி மிதித்துக்கொண்டே வந்தார். நாங்கள் இருந்த ஆட்டோ ஒரு வளைவில் மூச்சு வாங்கியது. அவர் வாங்கவில்லை.

இறங்கும்போது நான் அவரோடு நடந்தேன். சாலையைக் கவனித்துக்கொண்டே வந்தேன். வளைவுகள், வளைவுக்கு வளைவு பக்தர்கள், எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு ஏறும் வேன்கள், எங்கிருந்து எப்போது குதிக்கும் என்று தெரியாத குரங்குகள். ஈப்போவில் எங்கள் குன்றுகளில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை உண்டு, குறுக்கே வருவது அதிகபட்சம் ஒரு உடும்பு. இங்கே இறங்க வேண்டுமானால் நினைத்த இடத்தில், நினைத்த அளவுக்கு, ஒரு விரலில் நிற்க வேண்டும். ஆளும் சாதாரணக் கனம் இல்லை. போதாததற்குச் சைக்கிளின் பின்னால் வெல்டிங் வைத்து ஒரு கனமான கேரியர் வேறு போட்டிருந்தார், வேர்க்கடலை மூட்டை ஏற்ற.

மதியம் முற்றத்தில் பாய் விரித்து இரண்டு ஜோடியையும் பரப்பினேன். நகை எடுக்கப் போனது மாதிரி இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது சின்னது" என்றேன். "கட்டையைத் தள்ள ஒரு சக்கரத்துக்கு ரெண்டு பிஸ்டன். இதிலே ஊத்துற எண்ணெய் இங்க பைக் மெக்கானிக் கடையிலேயே கிடைக்கும். இன்னொண்ணு பெரிசு, நாலு பிஸ்டன். நல்லாக் கவ்வும். சூடானாலும் கைவிடாது. ஆனா இதோட எண்ணெய் வேற, இங்க கிடைக்கிறது கஷ்டம். பைக் எண்ணெயை இதிலே ஊத்தினா உள்ளே இருக்கிற ரப்பர் உப்பிப் போயிடும்."

பாவாவுக்குச் சின்னதன் மேல் கண். "எண்ணெ கெடைக்கிறதுதாம்மா நல்லது. நாளைக்கு நீ போய்டுவ. எண்ணெ வாங்க நான் மலேசியாவுக்கா வருவேன்?"

"வெளக்கெண்ணெ ஊத்தக் கூடாதா?" என்றாள் ரேவதி.

கூடாது என்றேன். நல்லெண்ணெயும் கூடாது. அவள் அடுத்துக் கேட்கவிருந்த தேங்காயெண்ணெயும் கூடாது.

நான் மலையிலேயே முடிவு செய்துவிட்டிருந்தேன். "பாவா, எண்ணெய் வருஷக்கணக்கா வரும். ஒரு புட்டி தந்துட்டுப் போறேன், தீர்ந்தா அனுப்புறேன். ஆனா வளைவிலே குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி குறுக்கே வந்தா, எண்ணெய் எந்தக் கடையிலே கிடைக்கும்னு அப்ப யோசிக்க முடியாது. உங்க உடம்புக்கும் மூட்டைக்கும் நாலு பிஸ்டன்தான். முன் சக்கரத்துக்குப் பெரிய தட்டு."

பாவா தன் வயிற்றை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது கட்டை. அதிலும் இரண்டு வகை. ஒன்று மிருதுவானது, சத்தம் போடாது, ஆனால் மழையிலும் நீண்ட இறக்கத்திலும் சீக்கிரம் தேயும். மற்றது உலோகத்தூள் கலந்தது, உழைக்கும், ஆனால் அவ்வப்போது கிறீச்சிடும். நான் சொல்லி முடிக்கவில்லை, ரேவதி உலோகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சத்தம் வரணும் அக்கா. இவரு எங்க வர்றாரு, எங்க போறாருன்னு எனக்குத் தெரிஞ்சிகினே இருக்கணும்."

இருபத்தைந்து வருடமாகப் பிரேக் விற்கிறேன். இப்படி ஒரு காரணத்துக்காக யாரும் கட்டை தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் தேர்வு சரி.

மாட்டும் வேலை மறுநாள் காலை முழுக்கப் பிடித்தது. அதன் பிறகு புதுக் கட்டையைப் பழக்க வேண்டும். கொஞ்சம் வேகமாகப் போய் மெதுவாகப் பிடித்து, முழுக்க நிற்காமல் விட்டு, மறுபடி போய், மறுபடி பிடித்து என்று திரும்பத் திரும்பச் செய்தால்தான் கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று இணங்கும். பாவா ஊர்த் தெருவில் இதைச் செய்தார். மிதிப்பார், பிடிப்பார். மிதிப்பார், பிடிப்பார். எதிர்வீட்டு ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவலையோடு ரேவதியிடம் கேட்டார்: "இன்னாமா, கோதண்டம் எங்க போறதுன்னே தெரியாம கீறானே?"

மாலைக்குள் பிரேக் கைக்குள் வந்துவிட்டது. ஒரு விரலில் நின்றது. "நிக்குது" என்று என் வாயால் சொன்னேன். ரேவதி சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். எடுத்தவள், கொடுக்கும் முன் ஒன்று சொன்னாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. மேல இட்டுகினு போயி சாமிகிட்ட ஒரு பூச போட்டுட்டு அப்பறம் ஓட்டட்டும்."

எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தவறு.

மலைமேல் புது வண்டிகளுக்குப் பூசை போடும் இடத்தில் ஒரு கார், இரண்டு பைக், எங்கள் சைக்கிள். குருக்கள் நல்ல மனிதர், சைக்கிள்தானே என்று குறை வைக்கவில்லை. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், கைப்பிடிக்கு மாலை எல்லாம் வைத்தார். நான் அம்மாவுக்குக் காட்டப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் இருப்பதிலேயே பளபளவென்று, வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல் இருந்தது முன் சக்கரத்துத் தட்டு. அப்போதுதான் எண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டிருந்த அதே விரலால், சந்தனத்தைக் குழைத்துத் தட்டு முழுக்க அழுத்தி இழுத்தார்.

"சாமி, அதைத் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"எதம்மா?" என்று கேட்டுக்கொண்டே பின் தட்டுக்கும் இழுத்து முடித்தார்.

டிஸ்க் பிரேக்கின் தட்டில் எண்ணெய் பட்டால் கட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பிடிக்காது, வழுக்கும். இதை நான் சொல்வதற்குள் பாவா பெருமை தாங்காமல் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். "எப்படி நிக்குது பாத்தீங்களா சாமி!" எண்ணெயும் சந்தனமும் கட்டைக்குள் போய்ச் சேர்ந்தன.

"பாவா, இதை ஓட்டக் கூடாது. கீழே போய் சுத்தம் பண்ணிட்டுத்தான். இன்னிக்கு ஒரு நாள் தள்ளிக்கிட்டு வாங்க" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் தலையாட்டினார். நல்ல மனிதர், தள்ளிக்கொண்டுதான் போனார். நாங்களும் ஆட்டோவில் ஏறினோம்.

முதல் வளைவுக்கு முன்னால் அரக்கோணத்துப் பையன்கள் கடந்து போனார்கள். கறுப்புக் கண்ணாடிகள், ஒட்டிய உடைகள்.

"அங்கிள், புது பிரேக்குன்னீங்க, இன்னிக்கும் நடையா? வரட்டா?"

பாவா லுங்கியை இறுக்கிக் கட்டுவதை ஆட்டோவிலிருந்து பார்த்தேன். "பாவா, வேண்டாம்!" என்றேன். அவர் ஏறிவிட்டார்.

அடுத்து வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? எண்ணெய் பட்ட உலோகக் கட்டை எஃகுத் தட்டில் உரசும்போது ஊளையிடும். பாவா இரண்டு கையாலும் பிடித்த பிடியை விடவில்லை. அந்த ஊளை மலையில் மோதி எதிரொலித்தது. அச்சு அசல் மயில் அகவுவது மாதிரி. முருகன் மலையில் மயில் அகவினால் பக்தர்கள் என்ன செய்வார்கள்? ஏறிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் கையைத் தலைமேல் தூக்கி "அரோகரா!" என்றது. அடுத்த வளைவில் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே அதை வாங்கி மேலும் உரக்கச் சொன்னார்கள். ஒரு வேன் ஒதுங்கி நின்றது. மாலை போட்ட சைக்கிளில், காற்றில் பறக்கும் லுங்கியோடு, வாய் பிளந்தபடி பாவா போய்க்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட பையன்கள் மூவர் பாறையோரம் ஒட்டிக்கொண்டு அவருக்கு வழிவிட்டார்கள்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். அப்போது வேகமாகப் போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தேன். ரேவதி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது. ஒரு வளைவில் அவர் கண்ணில் படவில்லை, சத்தமும் நின்றுவிட்டது. "நைனா" என்று ரேவதி தன் அப்பாவைத்தான் கூப்பிட்டாள். பிறகு மறுபடி கீழே எங்கோ மயில் அகவியது. வாழ்நாளில் அவ்வளவு இனிமையான பிரேக் சத்தத்தை நான் கேட்டதில்லை.

அடிவாரத்துச் சமதளத்தில், வேகம் தானாகவே அடங்கி, ஒரு டீக்கடை முன்னால் நின்றிருந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கையில் டீ கிளாஸ், பாதி டீ லுங்கியில்.

"நிக்கலமா" என்றார் என்னிடம். "ஆனா நிக்காமயும் இல்ல."

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்ததும் ரேவதி என்னைக் கேட்டாள்.

"அக்கா, தப்பு பிரேக்கு மேலயா, சாமி மேலயா, இவரு மேலயா?"

"யார் மேலயும் இல்ல. எண்ணெய்."

"எண்ணெ உள்ள இருந்தாத்தான் நிக்கும்னீங்க. வெளிய பட்டா நிக்காதுங்கிறீங்க. இன்னா பிரேக்கு இது?"

எழுந்து மருந்துக்கடைக்குப் போய் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். காயம் எங்கே என்று கேட்ட கடைக்காரரிடம் தட்டில் என்றேன். தட்டுகளைத் துடைத்தேன். கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தேன். உள்ளே ஊறிய எண்ணெய் போகக் கட்டையைத் தீயில் காட்ட வேண்டும், உலோகக் கட்டை என்பதால் தாங்கும் என்றேன். ரேவதி இடுக்கியை எடுத்தாள். கேஸ் அடுப்பில் ஒவ்வொன்றாகப் புகை அடங்கும்வரை வாட்டினாள், திருப்பித் திருப்பி, கருகாமல், சரியான பக்குவத்தில்.

"கத்திரிக்காயச் சுட்டா தொவையலாவது ஆவும்" என்றாள். பாவா அடுக்களை வாசலில் நின்று மெதுவாகச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலை. கட்டைகள் ஆறி, மாட்டி, மறுபடி தெருவில் மிதித்துப் பிடித்துப் பழக்கி முடித்தாயிற்று. முன்போலவே ஒரு விரலில் நின்றது. "நிக்குது" என்றேன். ரேவதி தலையாட்டினாள்.

"நீங்க முன்னாடியும் அதேதான் சொன்னீங்க அக்கா. உங்கள நம்பலன்னு இல்ல. இந்தத் தபா நானே உக்காந்து பாத்துடறேன்."

"எங்க உக்காந்து?" என்றார் பாவா.

அவள் கேரியரைக் காட்டினாள்.

நான் தடுத்துப் பார்த்தேன். வேர்க்கடலை மூட்டை தன்னைவிடக் கனம் என்று அவள் சொன்ன கணக்கை மறுக்க முடியவில்லை. கூட்டம் வராத காலை வேளை. அவர் மலையேறி வர, நாங்கள் ஆட்டோவில் போய்க் காத்திருந்தோம். குருக்கள் இருந்த பக்கமே போகவில்லை, தூரத்திலிருந்தே கும்பிட்டோம். ரேவதி முந்தானையை இடுப்பில் செருகி, கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ அவர்கள் பின்னால் கிளம்பியது.

முதல் வளைவுக்கு முன்னாலேயே அவள் குரல் கேட்டது. "புடிங்க! புடிங்கன்றேன்ல!"

பிடித்தார். சைக்கிள் சத்தமே இல்லாமல், நடக்கிற வேகத்துக்கு அடங்கியது. ஒரு குரங்கு சாவகாசமாகச் சாலையைக் கடந்து போனது. அதன் குட்டியும் போனது. பாவா விரலைத் தளர்த்தினார், சைக்கிள் நகர்ந்தது.

இரண்டாவது வளைவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. செருகிய முந்தானை அவிழ்ந்து பறந்தது.

மூன்றாவது வளைவு தாண்டி நேர் இறக்கம். ஆட்டோ அவர்களை விட்டுப் பின்தங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் கணீர்க் குரல் தெளிவாகக் கேட்டது.

"விடுங்க! இன்னா புடிச்சிகினே வர்றீங்க? கொஞ்சம் விடுங்கன்றேன்!"

"எதச் சொல்றா அந்தம்மா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"பிரேக்கை" என்றேன்.

நாங்கள் அடிவாரத்துக்கு வந்தபோது இருவரும் இறங்கி நின்றிருந்தார்கள். ரேவதியின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கண்ணில் காற்றடித்த நீர். அவளை அப்படி நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. பாவாவும் பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் சைக்கிளைக்கூட மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கு நல்லாத்தான் கீது அக்கா" என்றாள் என்னிடம். பிறகு புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு மறுபடி கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா போலாம்."

"ஆங்" என்றார் பாவா. சொல்லிவிட்டு மலையை அண்ணாந்து பார்த்தார். இத்தனை நாளும் இறக்கத்துக்கு மட்டுமே பயந்த மனிதர், அன்றுதான் முதன்முதலாக ஏற்றத்தை அளந்தார். பின்னால் அவள் காத்திருந்தாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார்.